வில்லும் காட்டுக்கோழியும்

ஆரணி என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. வேட்டைக்கும் ஆரணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் தறியில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். ஆனால் ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி எங்கிருந்து வருகிறது? மேற்கே இருக்கும் ஜவ்வாது மலையிலிருந்து. அந்த மலையில் விடியற்காலையில் ஒரு சேவல் கூவும். வீட்டுச் சேவல் மாதிரி நீட்டி முழக்காது. கரகரத்த குரலில், வெட்டி வெட்டிக் கூவிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதுதான் காட்டுக்கோழி.

உலகத்தின் மறுபக்கத்தில் இதற்கு ஒரு பெரிய சொந்தக்காரன் இருக்கிறான். அமெரிக்காவின் காட்டு வான்கோழி. இரண்டும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒவ்வொரு வசந்தகாலத்திலும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, வில்லும் அம்புமாக வான்கோழி வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். இங்கே காட்டுக்கோழிக்கு ஒரு கண்ணி வைத்தாலே வழக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வான்கோழி. மயிலோடு ஒப்பிட்டு வான்கோழியைக் கேலி செய்யும் மூதுரைப் பாட்டைப் பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. ஆனால் இன்று அந்தப் பெயரில் நாம் அழைக்கும் பறவை நம் காடுகளில் கிடையாது. கொலம்பஸுக்குப் பிறகுதான் அது அமெரிக்காவை விட்டே வெளியே வந்தது. கோவா வழியாக வந்த ஒன்றை ஜஹாங்கீர் அரசவையில் 1612 வாக்கில் ஓவியர் மன்சூர் வரைந்தார். அந்தப் படம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஊரில் அது பண்ணைப் பறவை. அசைந்து அசைந்து நடக்கும் அசட்டுப் பிராணி என்று பெயர். காட்டில் வாழும் வான்கோழியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

காட்டு வான்கோழிக்கு மோப்பம் போதாது, ஆனால் கண் அபாரம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் தலையைச் சற்றுத் திருப்பினாலே சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிந்துவிடும். நிறமும் தெரியும், அசைவும் தெரியும். இரவில் உயரமான மரத்தில் அடையும், பொழுது விடியும்போது இறங்கும். அதனால் வேட்டைக்காரர் இருட்டோடு வந்து மறைவுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு பேடையின் குரலைப் போலச் சத்தம் எழுப்ப வேண்டும். அதற்கென்றே மரப்பெட்டியில் உரசும் கருவி, பலகைக் கல்லில் தேய்க்கும் குச்சி, வாய்க்குள் வைத்து ஊதும் தகடு என்று பலவகை உண்டு. முன்னால் ஒரு பொம்மைப் பேடையும் நிற்கும்.

இதில் துப்பாக்கியை விட வில் பல மடங்கு கடினம். துப்பாக்கியை முன்பே நீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். வில்லை நாணிழுத்தாக வேண்டும், அந்த ஓர் அசைவு போதும், பறவை போய்விடும். தூரமோ இருபது மீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். இறகுகளையெல்லாம் நீக்கிப் பார்த்தால், அம்பு படவேண்டிய இடம் ஓர் ஆரஞ்சுப் பழத்தளவுதான். தவறான இடத்தில் பட்டால் அடிபட்ட பறவை பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும். அதனால் நல்ல வில்லாளிகள் அம்பு விடுவதை விட விடாமல் இருப்பதற்குத்தான் அதிகம் பழகிக்கொள்கிறார்கள். பல நாள் போய் வெறுங்கையோடு திரும்புவது சர்வ சாதாரணம். ஆனால் அத்தனை நாளும் பறவை எந்த மரத்தில் அடைகிறது, எந்த வழியாக மேய வருகிறது, எந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்கிறது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும்.

இந்தப் பறவை ஒரு காலத்தில் அழியும் நிலைக்குப் போனது. காடழிப்பும் கட்டுப்பாடற்ற வேட்டையும் சேர்ந்து, 1930களில் அமெரிக்கா முழுவதும் சுமார் 2 லட்சம் வான்கோழிகள்தான் மிச்சம் என்ற நிலை. பண்ணையில் பொரித்து வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. எங்கே ஒளிவது, எதற்குப் பயப்படுவது என்று குஞ்சுகளுக்குச் சொல்லித்தர அங்கே தாய் இல்லை. பிறகு 1950களில் உண்மையான காட்டு வான்கோழிகளையே பெரிய வலை வீசிப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகின. இன்று 60 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. சில மாநிலங்களில் மறுபடி குறைந்து வருவது வேறு கவலை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். பெரும்பகுதி வேட்டைக்காரர்களிடமிருந்து! 1937ல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. 1972ல் அந்த வரியை வில், அம்புக்கும் நீட்டித்தார்கள்.

அந்த 1972ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் பெரிது. கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், பிடிப்பதும், முட்டையை எடுப்பதும் கூட வேட்டைதான்.

இந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் நம் காட்டுக்கோழி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. சாம்பல் நிறக் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. சேவலின் கழுத்து இறகில் மெழுகைச் சொட்டவிட்டது போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்த அழகே அதற்கு எமனானது. மீன் தூண்டிலில் கட்டும் பொய்ப்பூச்சி செய்வதற்கு அந்த இறகுதான் வேண்டும் என்று சீமைக்காரர்கள் கேட்க, கப்பல் கப்பலாகத் தோல்கள் போயின. இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. வீட்டுக்கோழியின் தோல் மஞ்சளாக இருப்பதற்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ல் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்கக் கடைகளில் தொங்கும் கோழியில் நம் மலைக் கோழியின் சொத்தும் கொஞ்சம் இருக்கிறது!

ஆக, சட்டம் சரி. அதில் சந்தேகமில்லை. ஆனால் வேட்டையை நிறுத்தியபோது வேட்டைக்காரரை என்ன செய்தோம்?

ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் செங்கமும் இருக்கிறது. அந்தப் பகுதியில் மட்டும் எத்தனை நடுகற்கள்! ஊர் மாட்டைக் காக்கப்போய் மடிந்த வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளுமாக நிற்கிறான். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் இருக்கிறது, அதன் பெயரோடு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள். வில் வைத்திருந்தவனையும், நாயையும், கோழியையும் பெயர் சொல்லி நினைவில் வைத்த ஊர் இது. வேடர் குலத்துத் திண்ணனைக் கண்ணப்ப நாயனார் ஆக்கிக் கும்பிடுகிற ஊரும் இதுதான்.

கல்லில் இருக்கும் வேடனுக்குக் கற்பூரம் காட்டுகிறோம். உயிரோடு இருக்கும் வேடனுக்கு? நரிக்குறவர்கள் ஊசி பாசி மணி விற்றுக்கொண்டு பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆகிவிட்டது. ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர்கள் இன்றும் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். வேட்டை கூடாது என்று சொன்ன கையோடு, இனி இவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இவர்களிடம் இருந்த அறிவு சாதாரணமானதா? அமெரிக்கர் பிளாஸ்டிக்கில் செய்து வைக்கும் பொம்மைப் பேடைக்குத் தமிழில் என்றோ பெயர் வைத்தாகிவிட்டது. பழக்கிய விலங்கைக் காட்டி அதன் இனத்தை வரவழைப்பதற்குப் 'பார்வை' என்று பெயர். சங்கப் பாடலிலேயே பார்வை மான் வருகிறது. கௌதாரியைப் பழக்கிக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, மற்ற கௌதாரிகளை வரவழைக்கும் வித்தை நரிக்குறவர்களிடம் நேற்று வரை இருந்தது. பறவை எப்போது முட்டையிடும், எந்தப் புதரில் இடும், எந்தச் சத்தம் எச்சரிக்கை, எந்தச் சத்தம் அழைப்பு என்பதெல்லாம் புத்தகம் படித்து வந்ததல்ல. பண்ணை வான்கோழிக் குஞ்சுக்கு நேர்ந்ததுதான் இங்கே மனிதர்களுக்கும் நேர்கிறது. சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு தலைமுறை போனால், அந்த அறிவு போனதுதான்.

அப்படியானால் அமெரிக்கா மாதிரி இங்கேயும் அனுமதிச் சீட்டு கொடுத்துவிடலாமா? கூடாது. அங்கே காடு அதிகம், ஆள் குறைவு. இங்கே மலையடிவாரம் வரை வயலும் வீடும் வந்துவிட்டன. சீட்டு கொடுத்தால் வாங்கப்போவது மலைவாசியா? காரில் வரும் பணக்காரர்தான். காப்பியடிக்க வேண்டியது வேட்டையை அல்ல. பறவையை நெருக்கமாக அறிந்தவரையே அதன் பாதுகாப்பில் பங்காளி ஆக்கினார்களே, அதை.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டபோது பாம்பு பிடிக்கும் இருளர்களின் பிழைப்பு போயிற்று. 1978ல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியால், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. அதே கை, அதே கண், அதே வித்தை. கொன்ற வித்தை உயிர் காக்கும் வித்தையானது.

அதோடு முடியவில்லை. 2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் புளோரிடா போனார்கள். அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க அமெரிக்கர்களே திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வான்கோழி வேட்டைக்குப் பேர்போன ஊர் அந்தப் புளோரிடா. நவீன வில்லும் தூரம் காட்டும் கருவியும் வைத்திருக்கும் நாடு, தரையில் தெரியும் தடத்தைப் படிப்பதற்கு நம் ஊர் ஆட்களைக் கூப்பிட்டது!

பாம்பில் முடிந்தது பறவையில் முடியாதா? ஜவ்வாது மலையில் காட்டுக்கோழி எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டுமென்றால், கூவலை வைத்து இடம் சொல்லக்கூடிய மலைவாசியை விட வேறு யார் சரியாக எண்ணுவார்? பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட, கூடு இருக்கும் புதரைக் காட்டுத்தீயிலிருந்து காக்க, கண்ணிகளைத் தேடி எடுக்க அவரையே சம்பளத்துக்கு வைக்கலாமே? கண்ணி எங்கே இருக்கும் என்று கண்ணி வைக்கத் தெரிந்தவருக்குத்தானே தெரியும்.

அடிவாரத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காட்டுக்கோழிக் கறி உடம்புக்கு நல்லது என்று சொல்லி, ரகசியமாக விலை பேசி வாங்குகிறவர்கள் யார்? மலையில் இருப்பவர்கள் அல்ல. வாங்குகிறவர் வீட்டில் மணக்க மணக்கச் சாப்பிடுகிறார், மாட்டிக்கொள்வது கண்ணி வைத்தவர். வாங்க ஆளில்லை என்றால் கண்ணிக்கும் வேலையில்லை.

ஆரணிச் சேலைக் கரையில் மயில், அன்னம் எல்லாம் நெய்கிறார்கள். பாவு சுற்றுவதும் இழை கோப்பதும் அப்பா கையைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொண்ட வித்தை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் இந்த வித்தை என்ன ஆகும் என்ற கவலை இங்கே பல தறிக்கார வீடுகளில் உண்டு. மேற்கே மலையில் இருப்பவருக்கும் அதே கவலைதான். அவருடைய வித்தைக்குக் கூட்டுறவுச் சங்கம் இல்லை, தள்ளுபடி விற்பனை இல்லை, புவிசார் குறியீடும் இல்லை. கூவுகிற சேவல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டக்கூடிய சில பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.