பாத்ரூமுக்கு ஒரு பேண்டேஜ்!

பொதிகை எக்ஸ்பிரஸ் ஜன்னலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் கம்பார்ட்மென்ட்டே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பதினோரு நிலை, 192 அடி! அடியேன் மட்டும் பாத்ரூம் கால்மிதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். (ஆண்டாள் மன்னிக்கட்டும்.)

விஷயம் இதுதான். போன ஆடியில் எங்கள் வீட்டு பாத்ரூமில் அப்பா வழுக்கி விழுந்தார். காரணம், நான் பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் மேட். அடியில் சோப்புத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே குளிக்கப் போகிறார். தாழ்ப்பாள் போடுவதில்லை.

ராஜபாளையத்தில் இறங்கி, அத்தையிடம் இதைச் சொன்னேன்.

"எங்க அண்ணன் விழுந்ததை இப்பத்தான் சொல்றியா?" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு, "மில்லும் தறியுமா இருக்கிற ஊர்ல எங்களுக்குச் சொந்தம்னு ஒருத்தன், பிளாஸ்டிக் வாங்கிப் போடுவானா?" என்றாள். மறுநாள் காலையே டவுன் பஸ்ஸில் சத்திரப்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நம் விரலில் வெட்டுப்பட்டால் சுற்றுகிறோமே, அந்த பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் சார் இது! தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். அத்தை வெளுக்காத துணியாகக் கேட்டு வாங்கினாள். "இதான் தண்ணியை நல்லா உறிஞ்சுமா?" என்று நான் மேதாவித்தனமாகக் கேட்க, பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுக் காட்டினாள். சொட்டு உள்ளே இறங்காமல் முத்து மாதிரி மேலேயே நின்றது!

பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டாம். பாவு நூலுக்குக் கஞ்சி வேறு போடுகிறார்கள். இரண்டையும் எடுத்தால்தான் துணி தண்ணீர் குடிக்கும். பி.காமில் இதையெல்லாம் எவன் சொல்லிக் கொடுத்தான்?

வீட்டுக்கு வந்து அண்டாவில் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாள். தண்ணீர் டீக்கலரில் இறங்கியது. அலசிக் காயவைத்து, எட்டு மடிப்பாக மடித்து, மேலும் கீழும் மாமாவின் பழைய வேட்டியை வைத்து நெருக்கமாக ஓட்டுத் தையல். ஒரு ஓரத்தை நான் தைத்தேன். "இது தையலா, மினி பஸ் ரூட்டா?" என்றாள்.

பாத்ரூமுக்குத் திரையும் இதிலேயே கேட்டேன். "சல்லடை மாதிரி துணியில திரையா? உன் மானம் போயிரும்!" அதற்கு அவளுடைய பழைய ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிச் சேலையை இரண்டாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஈரம் காயாவிட்டால் கரும்புள்ளி விழும். ஆகவே எல்லாமே இரண்டு செட், ஒன்று எப்போதும் வெயிலில். இன்னொரு கண்டிஷன்: கால்மிதி பாத்ரூமுக்கு வெளியே, காய்ந்த தரையில்தான். ஈரத் தரையில் போட்டால் துணியும் வழுக்கும்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினேன். கோபுரத்துக்குச் சேர வேண்டிய கன்னத்தையும் போட்டுவிட்டேன்.

அப்பா கால்மிதியில் நின்று, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"யாரு தைச்சது?"

"அத்தை."

"இந்த ஓரம்?"

"நான்."

"அதானே!"

இப்போது வெளியே வரும்போது சுவரைப் பிடிப்பதில்லை. தாழ்ப்பாள் மட்டும் இன்னும் போடுவதில்லை. உள்ளே சுவரில் கைப்பிடி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.