எட்டுப் போட எந்த வண்டி?

மூன்றாம் வருடம் வந்தாலே நம்மில் பாதிப் பேருக்கு ஒரு ஜுரம் பிடித்துக்கொள்கிறது. பைக் ஜுரம்! கேன்டீனில் டீ ஆறிப்போகும், பேச்சு மட்டும் ஆறாது. ஆர் 15-ஆ, ஆர்.எக்ஸ். 100-ஆ, புல்லட்டா என்று தினம் ஒரு பட்டிமன்றம். என் முறை வந்தபோது நான் யோசித்ததைச் சொல்கிறேன். சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டிப் பழகாதவன் வாங்கிய முதல் வண்டி இது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். தங்கச்சி ப்ளஸ் டூ. டியூஷன் முடிய ராத்திரி எட்டாகிவிடும். அப்பாவுக்கு நைட் டூட்டி. அவளைக் கூட்டி வர ஆள் வேண்டும், அதற்குத்தான் வண்டி. அம்மா மாசாமாசம் கட்டி வந்த சீட்டைத் தள்ளி எடுத்து 60,000 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். "இதுக்குள்ள முடிச்சுக்கப்பா. பாப்பா காலேஜ் ஃபீசுக்கும் இதுலதான் எடுத்து வைக்கணும்" என்றார்கள்.

நண்பன் விடவில்லை. "மாப்ள, கடன் போட்டாவது ஃபுல் ஃபேரிங் வண்டியா எடுடா. கெத்தா இருக்கும்!" கெத்து இருக்கட்டும். கணக்கைப் பார்ப்போம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்று நாம் படித்திருக்கிறோம். அந்தக் காற்றைக் கிழிக்கத்தான் இன்ஜினை மூடி அந்த பிளாஸ்டிக் உறை. நூறில் போகிறவனுக்கு அது உதவும். மாட்டு வண்டிக்கும் மினி பஸ்சுக்கும் நடுவில் நாற்பதில் போகிற எனக்கு அதனால் என்ன பயன்? புதிதாக ஓட்டுகிறவன் வேகத்தில் விழுவதைவிட நின்ற இடத்தில் வண்டியைச் சாய்ப்பதுதான் அதிகம். மூடாத வண்டி சாய்ந்தால் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும். உறை போட்ட வண்டி என்றால் பேனலே விரிசல் விடும், செலவு எங்கேயோ போய்விடும்.

அடுத்தது ஹேண்டில்பார். ரேஸ் மாடலில் அது தாழ்வாக இருக்கும், உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். சாதாரண வண்டியில் முதுகு நிமிர்ந்து உட்காரலாம், ஹேண்டிலும் தாராளமாகத் திரும்பும். ஆர்.டி.ஓ. ஆபீசில் காலை ஊன்றாமல் எட்டுப் போட வேண்டியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எடையையும் பாருங்கள். கிளாசிக் 350 சுமார் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் 112 கிலோ. சீட் உயரம் முன்னதில் 805 மி.மீ., பின்னதில் 785. நான் ஐந்தடி நாலு அங்குலம். இரண்டு பாதமும் தரையில் பதிந்தால்தான் எனக்கு தைரியமே வருகிறது.

ஆர்.எக்ஸ். 100 ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். அதுவும் மூடாத வண்டிதான், சத்தம் கேட்டால் எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஆனால் 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன டூ ஸ்ட்ரோக் வண்டி அது. ஆக்சிலேட்டரை விட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி இன்ஜின் இழுத்துப் பிடிக்காது, பிரேக்கும் டிரம். பழகிய கைக்குத்தான் அது சரி. 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் சி.பி.எஸ். கட்டாயமாக வந்தது. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பதற்றத்தில் காலை மட்டும் அழுத்துகிற நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்த ஏற்பாடு!

பின் சீட்டை யாரும் பேசுவதே இல்லை. கைப்பிடி, கால் மிதி, சக்கரத்தில் துணி சிக்காமல் தடுப்பு இவையெல்லாம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே (விதி 123) இருக்கிறது. சேலை கட்டிய அம்மா ஒருக்களித்து உட்கார, குதிரை முதுகு மாதிரி தூக்கிய சீட் ஆகுமா?

கடைசியில் மூன்று வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டர் ஒன்று 46,000-க்குப் படிந்தது. மெக்கானிக் அண்ணனைக் கையோடு கூட்டிப் போனேன். "இன்ஜின் சூடா இருந்தா வாங்காத தம்பி, ஆறட்டும்" என்று அரைமணி நேரம் காக்க வைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்து நீலப் புகை வருகிறதா என்று பார்த்தார். ஃபோர்க் வளைந்திருக்கிறதா, செயின் பல் தேய்ந்திருக்கிறதா, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று அதையும் விடவில்லை.

மிச்சத்தில் பெயர் மாற்றம், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு. (ஒன்று எனக்கு, ஒன்று பாப்பாவுக்கு. கூந்தல் கலைகிறது என்று அவள் போட்ட சண்டை தனிக்கதை.) பத்தாயிரத்தைத் திருப்பி அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

எல்.எல்.ஆர். எடுத்தபின் கண்டிப்பாகக் காத்திருக்க வேண்டிய முப்பது நாளும் விடியற்காலையில் கிரவுண்டில் அப்பாவோடு பழகினேன். முன் பிரேக்கைப் படக்கென்று பிடிக்காமல் மெல்ல மெல்ல இறுக்கச் சொன்னார். பிரேக் போட்டால் பாரம் முன்சக்கரத்துக்குப் போகும், அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அதற்குத்தான் என்று நான் தியரி சொன்னேன். "அதெல்லாம் சரி, விரலைப் பாரு" என்றார் அப்பா. எட்டு முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

கெத்து பேசிய நண்பன் கடன் போட்டு ஆர் 15 வாங்கிவிட்டான். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். போன வாரம் அவன் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. சாவி கேட்டு என் ரூமுக்குத்தான் வந்தான். கொடுத்தேன், இரண்டாவது ஹெல்மெட்டோடு.