மலிவு ஆடையின் விலையும் கம்பனிகளின் மனச்சாட்சியும்

ஒரு தொழிற்சாலை அதன் தொழிலாளர்களை மனிதர்களாக நடத்துகின்றது என்பதற்கு அத்தாட்சியாக வழங்கப்படும் சான்றிதழ்களில் எஸ்.ஏ.8000 என்பது பெருமதிப்புக்குரியதாகக் கருதப்பட்டு வந்த ஒன்று. கராச்சி நகரின் பல்தியா பகுதியில் இயங்கிய அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை 2012 ஆகஸ்ட் மாதத்தில் அந்தச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டது. சில வாரங்கள் மட்டுமே கழிந்தன. செப்டெம்பர் 11 ஆம் திகதி அங்கே தீ மூண்டது. யன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழிகளோ அடைபட்டுக் கிடந்தன. 250 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

திட்டமிட்டே தீ வைக்கப்பட்டது என்று பாகிஸ்தானிய நீதிமன்றம் ஒன்று 2020 இல் தீர்ப்பளித்து இருவருக்கு மரணதண்டனை விதித்தது. ஆனால், தீ வைத்தவர்கள் யன்னல்களுக்குக் கம்பி பொருத்தவில்லை. கதவுகளை அடைத்து வைத்தவர்களும் அவர்கள் அல்லர். அந்தக் கட்டிடத்துக்குச் சான்றிதழ் வழங்கியவர்களும் வேறு ஆட்கள். ஒரு குற்றவாளி அகப்பட்டுவிட்டால் ஏனையோரின் பொறுப்பு மறைந்துபோவது உலக வழமை.

உலகப் பொருளாதாரத்தில் நெறிமுறை, மனித உரிமை, கம்பனிகளின் சமூகப் பொறுப்பு என்பன பற்றிப் பேசப்படும் பொழுதெல்லாம் எனக்கு அந்தச் சான்றிதழே நினைவுக்கு வருகின்றது. பத்திரிகை அலுவலகத்தில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் சமூகப் பொறுப்பு என்பது எனது மேசைக்கு எந்த வடிவத்தில் வந்து சேரும் என்பதை நான் நன்கு அறிவேன். அது ஒரு புகைப்படமாக வரும். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்கும் முகாமையாளர், மரக்கன்று நடும் பணிப்பாளர், இரத்ததான முகாமில் புன்னகைக்கும் உத்தியோகத்தர்கள். வர்த்தகப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படும். அதே கம்பனியின் விளம்பரம் இரண்டு பக்கங்கள் தள்ளி இருக்கும். கொப்பி வழங்குவது கெட்ட காரியம் அல்ல. ஆனால், அக்கம்பனியின் தையல் இயந்திரத்துக்கு முன்னால் அமர்ந்திருப்பவளுக்கு மலசலகூடத்துக்குச் செல்ல எத்தனை நிமிடம் அனுமதிக்கப்படுகின்றது என்ற விபரம் எந்தப் பத்திரிகைக் குறிப்பிலும் வந்ததை நான் கண்டதில்லை.

கராச்சித் தீக்குப் பின்னர் ஏழு மாதங்களில் பங்களாதேஷில் நிகழ்ந்தது உலகம் அறிந்த கதை. இடையில் 2012 நவம்பர் 24 இல் டாக்காவின் புறநகர்ப் பகுதியில் தஸ்ரீன் தொழிற்சாலை எரிந்து 112 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அபாய மணி ஒலித்தபோதும் வேலையைத் தொடருமாறு மேற்பார்வையாளர்கள் கட்டளையிட்டதாகத் தப்பிவந்தவர்கள் சாட்சியமளித்தனர்.

அதன் பிறகு சாவாரில் ரானா பிளாஸா. எட்டு மாடிக் கட்டிடம். மேல்மாடிகள் உரிய அனுமதி இன்றிக் கட்டப்பட்டவை. ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் அங்கு இயங்கின. 2013 ஏப்ரல் 23 ஆம் திகதி சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புகள் தென்பட்டன. பார்வையிட்ட பொறியியலாளர் கட்டிடம் பாதுகாப்பற்றது என்றார். கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மறுநாள் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மாத்திரம் உள்ளே அனுப்பப்பட்டனர். வராவிட்டால் சம்பளம் இல்லை என்ற மிரட்டலும் இருந்தது. அப்போது அந்நாட்டில் ஆடைத் தொழிலாளியின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 3,000 டாக்கா, அதாவது ஏறத்தாழ 38 டொலர். ஒரு மாதச் சம்பளத்தை இழக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? 24 ஆம் திகதி காலை மின்சாரம் தடைப்பட்டது. மேல்தளத்தில் இருந்த மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கின. சிறிது நேரத்தில் கட்டிடம் முழுவதும் சரிந்தது.

அன்று மாலை செய்தி முகவரகங்கள் அனுப்பிய முதல் எண்ணிக்கைகள் நூறைத் தாண்டவில்லை. அடுத்த நாள் இருநூறைத் தாண்டியது. பிறகு ஒவ்வொரு நாளும் தலைப்பை மாற்றி எழுதவேண்டி இருந்தது. இறுதியில் 1,134 பேர் என்று கணக்கு நின்றது. உயிருடன் மீட்கப்பட்டோர் 2,500 பேர் அளவில்; அவர்களில் கை கால்களை இழந்தோர் பலர். இடிபாடுகளுக்குள் ஒருவரையொருவர் அணைத்தபடி இறந்து கிடந்த ஓர் ஆணையும் பெண்ணையும் தஸ்லிமா அக்தர் எடுத்த புகைப்படம் உலகெங்கும் வெளியானது. போர்க்காலத்தில் எத்தனையோ படங்களைப் பார்த்து, இதைப் பிரசுரிக்கலாமா கூடாதா என்று வாதிட்டுப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் படத்தின் முன்னால் அப்படி ஒரு விவாதமே எழவில்லை.

அந்தக் கட்டிடத்தில் இருந்த இரண்டு தொழிற்சாலைகள் ஐரோப்பியக் கொள்வனவாளர்களின் கூட்டுத் திட்டம் ஒன்றின் கீழ் தணிக்கைக்கு உட்பட்டவை என்பது பின்னர் தெரியவந்தது. கட்டிடத்தின் உறுதியைப் பரிசோதிப்பது தமது தணிக்கையின் பகுதி அல்ல என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். வேலை நேரப் பதிவேடு சரியாக இருக்கின்றதா, தீயணைப்புக் கருவி சுவரில் தொங்குகின்றதா என்றெல்லாம் பார்ப்பார்கள். சுவர் நிற்குமா என்று பார்ப்பதில்லை!

இலங்கையில் இத்தகைய அனர்த்தம் நிகழ்ந்ததில்லை. எமது ஆடைத் தொழிற்சாலைகளின் கட்டிடங்களும் வேலைச் சூழலும் டாக்காவினதை விடப் பெரிதும் மேலானவை என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். 'குற்றமற்ற ஆடைகள்' என்ற பொருள்படும் சுலோகத்துடன் எமது உற்பத்தியாளர்கள் 2006 இல் உலகச் சந்தையில் பிரசாரம் செய்தனர். அது முற்றிலும் வெறும் விளம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வெளியே உள்ள போர்டிங் அறைகளில் வாழும் பெண்களுடன் பேசிப்பார்த்த எவருக்கும் அந்தச் சுலோகத்தின் பின்னால் இருக்கும் மீதிக் கதை புரியும். 1978 இல் தொடங்கிய அந்த வலயத்துக்குத் தென்னிலங்கைக் கிராமங்களில் இருந்து வந்த பெண்களைத் தையல் இயந்திரத்தின் பெயரால் 'ஜூகி' என்று ஏளனமாக அழைத்தது எமது சமூகம். நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித் தருபவர்களுக்கு நாம் வழங்கிய பட்டம் அது.

போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. வன்னியில் இருந்து தெற்கே வேலைக்குப் போன பெண்களும் உண்டு. அத்தகைய ஒரு பெண்ணுடன் சில வருடங்களுக்கு முன்னர் உரையாடியபோது, வெளிநாட்டுத் தணிக்கையாளர்கள் வந்தால் உங்களிடம் என்ன கேட்பார்கள் பிள்ளை என்று வினவினேன். அவள் சிரித்தாள். "அவை வாறதுக்கு முதல்நாளே எங்களுக்குச் சொல்லிப்போடுவினம் ஐயா. அண்டைக்கு ரொய்லெற்றிலை சவர்க்காரம் இருக்கும். அடுத்த நாள் இராது." பிறகு சற்று யோசித்துவிட்டு, "என்ன கேட்டாலும் பிரச்சினை இல்லை எண்டு சொல்லோணும். ஓடர் போனா எங்களுக்குத்தானே வேலை போகும்," என்றாள். தந்தையும் அண்ணனும் இல்லாத குடும்பம் அது. அவளுடைய சம்பளத்தில்தான் இரண்டு தங்கைமார் படித்தனர்.

அவள் சொன்னது பொய்யல்ல என்பதே இதில் உள்ள சிக்கல். மனித உரிமைகளைப் பேணத் தவறியமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் இலங்கைக்கு வழங்கிய ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இடைநிறுத்தியது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உட்பட மூன்று சர்வதேச உடன்படிக்கைகள் முறையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது காரணம். அந்தக் காரணம் சரியானது என்பதில் தமிழர்களாகிய எங்களுக்கு ஐயம் இருக்க இயலாது. ஆனால், சித்திரவதை செய்தவர்களுக்கு அதனால் ஒரு சதமும் நட்டமில்லை. அதன் சுமை தையல் இயந்திரங்களின் பக்கமாகவே இறங்கியது. 2017 மே மாதத்தில் சலுகை மீண்டும் கிடைத்தது. அவ்வாறானால் அழுத்தமே கொடுக்கக்கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், சரியான முதுகைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது யாருடைய முதுகு அகப்பட்டது என்பதையும் பார்த்தோம். மேற்குலகின் பெரும் விற்பனை நிறுவனங்கள் கேள்விக் கட்டளைகளை இரத்துச் செய்தன. தைத்து முடித்த ஆடைகளுக்குக்கூடப் பணம் தர மறுத்தவை இருந்தன. பங்களாதேஷில் மாத்திரம் ஏறத்தாழ 300 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகள் இரத்தாயின அல்லது பிற்போடப்பட்டன என்று அந்நாட்டு உற்பத்தியாளர் சங்கம் கூறியது. இவை அனைத்தும் தமது இணையத்தளங்களில் மனித உரிமைக் கொள்கையை அழகாகப் பிரசுரித்து வைத்திருந்த நிறுவனங்கள்.

பொருளியலாளர் மில்டன் பிறீட்மன் 1970 இல் நியூ யோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தில் இன்றும் இழுக்கப்படுகின்றது. இலாபத்தைப் பெருக்குவதே வர்த்தகத்தின் சமூகப் பொறுப்பு என்பது அவர் வாதம். விளையாட்டின் விதிகளுக்குள் நின்று, ஏமாற்றும் மோசடியும் இன்றி என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்திருந்தார். அதைப் பலர் வசதியாக மறந்துவிடுகின்றனர். நான் அவரிடம் கேட்க விரும்புவது வேறொன்று. விதிகளை எழுதுவது யார்? கொள்வனவாளர் ஒரு கண்டத்தில், தொழிற்சாலை இன்னொரு கண்டத்தில். தொழிற்சாலை முதலாளிகள் பலர் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்த நாட்டில் விதி யாருக்காக எழுதப்படும்?

அரசுகள் பாதுகாக்க வேண்டும், கம்பனிகள் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டோருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்ற மூன்று தூண்களைக் கொண்ட வழிகாட்டிக் கோட்பாடுகளை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011 ஜூன் மாதத்தில் ஏகமனதாக ஏற்றது. பேராசிரியர் ஜோன் ரகீயின் பல வருட உழைப்பு அது. நல்ல ஆவணம். சட்டவலு அற்றது. கராச்சியும் ரானா பிளாஸாவும் அதற்குப் பிறகுதான் நடந்தன.

உண்மையில் எதையாவது மாற்றியது 2013 மே மாதத்தில் பங்களாதேஷில் கைச்சாத்தான தீ மற்றும் கட்டிடப் பாதுகாப்பு உடன்படிக்கைதான் என்பது எனது அபிப்பிராயம். தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சமதரப்பாக ஒப்பமிட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அது. 200 இற்கும் அதிகமான நிறுவனங்கள் காலப்போக்கில் சேர்ந்தன. 1,600 அளவிலான தொழிற்சாலைகளைப் பொறியியலாளர்கள் பரிசோதித்தனர்; அறிக்கைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. சுவர் நிற்குமா என்று முதல் தடவையாகப் பார்த்தார்கள். கடமை தவறியதாக இரண்டு நிறுவனங்களைத் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்கே இழுத்தன. அவற்றில் ஒன்று 23 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. வால்மார்ட், கப் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அந்த உடன்படிக்கையில் சேராமல் தமக்கென வேறொரு கூட்டணியை அமைத்துக்கொண்டன. சட்டப்படி பொறுப்பேற்க அவை தயாராக இருக்கவில்லை.

இழப்பீட்டுக் கதையும் இவ்வாறே. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் தலைமையில் அமைந்த நிதியத்துக்கு 3 கோடி டொலர் தேவைப்பட்டது. அதைத் திரட்டி முடிக்க 2015 ஜூன் வரை சென்றது. பெனற்றன் நிறுவனம் தனக்குத் தொடர்பில்லை என்றே முதலில் கூறியது. இடிபாடுகளுக்குள் அதன் பெயர்ச்சீட்டுகள் கிடந்த புகைப்படங்கள் வெளிவந்த பின்னரே ஒப்புக்கொண்டது. கராச்சித் தொழிற்சாலையில் ஆடை வாங்கிய ஜேர்மனிய நிறுவனமான கிக்கிற்கு எதிராக டோர்ட்முண்ட் நகரில் தொடுக்கப்பட்ட வழக்கு 2019 இல் தள்ளுபடியானது. காலம் கடந்துவிட்டது என்பதே காரணம். அந்நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

பிரான்ஸ் 2017 இலும், ஜேர்மனி 2023 தொடக்கத்தில் இருந்தும் கம்பனிகளின் விநியோகச் சங்கிலிக்கான சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. மறுவருடமே, போட்டியிடும் ஆற்றல் குறைகின்றது என்ற முறைப்பாட்டின் பேரில் அதைப் பின்போடவும் தளர்த்தவும் தொடங்கினர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எமது உறவினர்கள் மலிவு விற்பனையில் வாங்கும் சேர்ட்டின் கழுத்துப் பட்டியில் 'ஸ்ரீலங்கா' என்ற பெயரைக் கண்டு மகிழ்ந்து எனக்குப் படம் அனுப்புவதுண்டு. சேர்ட் என்ன விலை என்றுதான் முதலில் கேட்பேன். அவர்கள் சொல்லும் தொகையில் தைத்தவளின் பங்கு எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தொழில் தந்த பழக்கம்.

பங்களாதேஷில் ஆகக்குறைந்த சம்பளம் 2023 டிசம்பரில் 12,500 டாக்காவாக உயர்ந்தது. அதற்கு இரட்டிப்பு அளவில் கேட்டு வீதியில் இறங்கிய தொழிலாளர்களில் நால்வரேனும் அதற்கு முந்தைய வாரங்களில் கொல்லப்பட்டனர். ரானா பிளாஸா தொடர்பில் கட்டிட உரிமையாளர் உட்பட 41 பேருக்கு எதிராக 2015 இல் கொலைக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. மேன்முறையீடுகளாலும் தடையுத்தரவுகளாலும் விசாரணை பல வருடங்கள் நின்றுபோனது. இடிந்து பத்தாவது ஆண்டு நினைவுநாளில் உறவினர்கள் புகைப்படங்களை ஏந்தியவாறு சாவாரில் கூடியபோதும் அந்த வழக்கில் தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கவில்லை.