விழுங்கியவரும் கொடுத்தவரும்

நம்மவருள் வைத்தியரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்து வணங்கும் வழக்கம் வெகுநாளையது. தோட்டத்து டிரஸ்ஸர் காலத்திலேயே வேரூன்றியது. ஊசி போட்டவரிடம் அஃது என்ன ஊசியென்று கேட்பது மரியாதைக் குறைவாம்! இம்மரியாதை நமக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறதென்பதைச் சற்று ஆராய்வோம்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோப்பன்ஹேகனில் நடைபெற்ற உலகப் பூப்பந்துப் போட்டியில் நம் நாட்டு வீரர் லீ சோங் வெய் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பின்னர் அவரது சிறுநீரில் டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்து காணப்பட்டது. அவருக்கு வஞ்சக எண்ணமில்லை, உட்கொண்ட கார்டிசெப்ஸ் மாத்திரையின் உறை வழியே அது புகுந்தது என்பதை 2015இல் விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் எட்டு மாதத் தடை விதித்தது, பதக்கமும் பறிபோயிற்று. தன் உடலுக்குள் செல்வது யாதென அறிய வேண்டியது ஆட்டக்காரன் பொறுப்பே என்பது விளையாட்டுலகின் சட்டம்.

அதே டெக்ஸாமெத்தசோன், முழங்கால் வலிக்கென்று விற்கப்படும் பொடிகளிலும் ஜாமுவிலும் திருட்டுத்தனமாகக் கலக்கப்படுவதுண்டென்று சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்திருக்கிறது. வலி மாயமாய் மறையும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். கொடுத்தவருக்கோ கைராசிக்காரர் என்ற பட்டம்!

மருத்துவத்தில் நீதி மறுபக்கம் திரும்புகிறது. இங்கே பதில் சொல்ல வேண்டியவர் விழுங்கியவரல்லர், கொடுத்தவர். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, தொழில் நெறி தவறிய வைத்தியரை மலேசிய மருத்துவ மன்றம் கண்டிக்கலாம். சில காலம் நிறுத்திவைக்கலாம். பதிவேட்டினின்றே பெயரை நீக்கலாம். (நஷ்டஈடு வாங்கித் தருவது அதன் வேலையன்று, அதற்கு நீதிமன்றம் உண்டு.) பதிவேட்டிலேயே இல்லாத பொடி வியாபாரியிடம் அதன் கை நீளாது, அவனுக்கு வேறு சட்டம்.

தோழர்களே, ஆட்டக்காரனைத் தேடிச் சோதனையாளர் அழையாமலே வந்து நிற்கிறார். மன்றமோ பெரும்பாலும் முறையீடு வந்த பின்னரே அசையும். முறையிட மருந்தின் பெயராவது தெரிய வேண்டாமா? பிரிக்பீல்ட்ஸில் மருந்துப் பையுடன் நின்ற சிலரை வினவினோம். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்பதற்குமேல் அறிந்தவர் ஒருவரே.

கிள்ளானில், தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவரிடம் இம்மன்றத்தைப் பற்றி விளக்கினோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டாக்டர் ஐயாமேல எழுதிப் போட்டுட்டா, நாளைக்கு ராத்திரி எனக்கு மூச்சு முட்டினா யாருகிட்ட தம்பி போறது?” என்றார்.