ஸ்பேர் டயர் இருந்த இடம்

வார்சாவிலிருந்து பியாவிஸ்தோக் போகும் எஸ்8 நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகளின் விலைப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். சாதாரண பெட்ரோல், உயர்ரக பெட்ரோல், டீசல், எல்பிஜி என்று அநேகமாக எல்லாப் பலகையிலும் ஒரே வரிசை. கடைசி வரியில் இருந்த விலை மட்டும் மற்றவற்றில் ஏறக்குறைய பாதி. போலந்தில் காஸில் ஓடும் கார்கள் முப்பது லட்சத்துக்கு மேல். ஐரோப்பாவில் துருக்கியையும் போலந்தையும் விட்டால் இந்த எரிபொருளை இவ்வளவு சகஜமாகப் புழங்கும் நாடு அதிகம் கிடையாது.

காரில் காஸ் என்றால் நம் ஊர்க்காரனுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்னை ஆட்டோ வரும். அதைவிட்டால், அடுப்படியில் இருக்கவேண்டிய 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைத் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு ஆள் அள்ளிப்போன ஆம்னி வேன் வரும். அந்த வேனில் காலை மடக்கி உட்கார்ந்து வளர்ந்தவன் நான். இங்கே வக்கீல், டாக்டர், சர்ச் பாதிரியார் என்று எல்லோரும் பங்கில் வரிசையில் நின்று காஸ் பிடிப்பதைப் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

என்னை அழைத்துப் போனவன் கோவையில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வார்சாவில் மென்பொருள் வேலை. போன வருஷம் ஒரு பழைய லேண்ட் குரூஸர் 100 வாங்கியிருந்தான். 4.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், இரண்டரை டன்னை நெருங்கும் எடை. ஏறி உட்கார்ந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உயரம். ஆனால் நூறு கிலோமீட்டருக்குப் பதினேழு லிட்டர் குடிக்கிறது. “காஸ் மாட்டலன்னா இந்த வண்டியோட குடும்பம் நடத்த முடியாது மச்சான்” என்றான். அவன் மனைவி, வண்டிக்குத் தனியாக ஒரு சம்பளம் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அதற்கு பியாவிஸ்தோக் வரை போவானேன் என்று கேட்டேன். வண்டி விற்றவர் சொன்ன மெக்கானிக் அங்கேதான் இருக்கிறார் என்றான். எஸ்பெராண்டோ மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1859இல் பிறந்த ஊர் இது. ஆனால் கார்க்காரர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரியும். ஸ்டாக் என்ற பெயரில் வரும் காஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்கிற ஏசி நிறுவனம் இருப்பது இங்கேதான்.

பட்டறை ஊருக்கு வெளியே. உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்க டாங்குகள். நான் எதிர்பார்த்த உருளைகள் சிலதான். மற்றதெல்லாம் வட்டம். நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடையாகச் சில, ஓட்டையில்லாத ஆமவடையாகச் சில. ஸ்பேர் டயர் படுத்திருக்கும் குழியில் இறக்கி வைப்பதற்காகவே இந்த வட்ட வடிவம். வடை ரகத்தில் வால்வு நடு ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும். கார்களின் டிக்கிக்குள் வைப்பதற்கு அதுதான் தோது. வண்டிக்கு அடியில் தொங்கவிடுவதற்கு வால்வு வெளி விளிம்பில் இருக்கிற ரகமும் உண்டு.

மெக்கானிக் எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், மண்டியிட்டு, டேப்பை நீட்டினார். லேண்ட் குரூஸரின் ஸ்பேர் டயர் பின்பக்கத் தரைக்கு வெளியே, அடியில் தொங்குகிறது. குறுக்களவு, ஆழம், சைலன்ஸர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அட்டையில் குறித்துக்கொண்டார். பிறகுதான் பேச்சே. நண்பன் மொழிபெயர்த்தான்.

முதல் வழி, டிக்கிக்குள் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு பெரிய உருளை. நூறு லிட்டருக்கு மேலும் வைக்கலாம், ஸ்பேர் டயரும் தப்பும். சாமான் வைக்கும் இடம் போய்விடும். இரண்டாவது, டயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வட்ட டாங்க். மூன்றாவது, சேஸிக்கு இருபுறமும் ஒல்லியான இரண்டு உருளைகளை இணைத்துப் போடுவது. பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் கூலியும் அதிகம், கல் மேட்டில் முதலில் அடிபடுவதும் அதுதான். அதை மெக்கானிக்கே கையசைத்துத் தள்ளிவிட்டார்.

நான் உருளைக் கட்சி. காட்டுப் பாதைக்குப் போகத்தானே நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்குகிறோம்? அந்தப் பாதையில் ஸ்பேர் இல்லாமல் நிற்பவனுக்கு எத்தனை லிட்டர் காஸ் இருந்து என்ன பயன்? நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. “குழந்தையோட தள்ளுவண்டி, நாய், மாமனார் வீட்டு உருளைக்கிழங்கு மூட்டை, இதையெல்லாம் உன் மடியில வச்சுக்கிறியா?” என்றான். கடைசியில் டயரைக் கூரைக்கு ஏற்றிவிட்டு, அடியில் வட்ட டாங்க் என்று முடிவாயிற்று. 720 மில்லிமீட்டர் குறுக்களவு, 270 உயரம், 90 லிட்டர். தரையிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது என்பது விதி. இந்த உயரத்து வண்டிக்கு அது பெரிய தொல்லை இல்லை. ஆனாலும் அடியில் ஓர் இரும்புத் தகடு போடச் சொன்னேன். என் கட்சிக்கு ஆறுதலாக அது மட்டும் நிறைவேறியது.

டாங்கின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு பற்றவைத்திருந்தது. மெக்கானிக் அதை எண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டினார். வட்டத்துக்குள் ஈ20, அதாவது அனுமதி கொடுத்த நாடு போலந்து. பக்கத்தில் 67ஆர்-01 என்ற ஐரோப்பிய விதியின் எண், கொள்ளளவு, 30 பார் என்ற சோதனை அழுத்தம், கடைசியாகச் செய்த மாதமும் வருஷமும். வாங்குகிறவன் அதைத்தான் முதலில் பார்க்கவேண்டுமாம். போலந்தில் ஒரு டாங்கின் ஆயுள் பத்து வருஷம். அதற்குப் பிறகு மறுசோதனைக்கு அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் புதிது மாற்றவேண்டும். கடை அலமாரியில் இரண்டு வருஷம் தூங்கிய டாங்கை மலிவாகக் கொடுத்தால் மிச்சம் எட்டு வருஷம்தான். மருந்துக் கடையில் தேதி பார்த்து வாங்கும் நாம் இதிலும் பார்க்கலாம்.

வால்வையும் கையில் கொடுத்தார். பித்தளைக் கட்டி, அதிலிருந்து நீளும் கம்பி, நுனியில் கறுப்பு மிதவை. டாங்க் 80 சதவீதம் நிரம்பியதும் மிதவை ஏறி வழியை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் திரவம் வெயிலில் விரியும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருந்தாக வேண்டும். டாங்கின் உயரத்துக்கும் சாய்வுக்கும் பொருந்திய வால்வு இல்லையென்றால் இந்தக் கணக்கு தப்பிவிடும். அழுத்தம் 27 பாருக்குப் போனால் திறந்துவிட ஒரு அடைப்பான், குழாய் அறுந்து காஸ் பீய்ச்சினால் தானாக மூடிக்கொள்ள இன்னொன்று, தீப்பிடித்தால் உருகி வழிவிட ஒரு மூடி. எங்கள் ஆம்னியில் இருந்தது ஒரு ரெகுலேட்டரும் டிரைவர் அண்ணனின் முருக பக்தியும்தான்.

எஞ்சின் வேலைதான் அதிக நேரம் பிடித்தது. எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியே காஸ் போகவேண்டும், அதற்கு இன்டேக் மேனிஃபோல்டில் எட்டு ஓட்டை. சிலர் அதை வண்டியிலேயே வைத்து, துரப்பண முனையில் கிரீஸ் தடவி ஓட்டை போட்டுவிடுவார்களாம், துகள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். இவர் மேனிஃபோல்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துத்தான் துளைத்தார். சுருள்சுருளாக அலுமினியம் உதிர்ந்தது. எல்லா ஓட்டையும் ஒரே சாய்வில், வால்வுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. பிறகு திரவத்தை ஆவியாக்கும் ரெட்யூசரை ஹீட்டருக்குப் போகும் சுடுநீர்க் குழாயில் இணைத்தார். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேனுக்கு பூஜ்யத்தை ஒட்டிய குளிரே போதும், திரவமாகவே கிடக்கும். அதனால்தான் குளிர்காலத்தில் பங்குகளில் புரொப்பேன் அதிகமாகக் கலந்து விற்கிறார்கள். வண்டியும் முதலில் பெட்ரோலில் கிளம்பும். தண்ணீர் சூடானதும்தான் காஸுக்கு மாறும்.

ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை பீய்ச்சிப் பார்த்தார், பிறகு மோப்பக் கருவியை நீட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் அரசு அனுமதி பெற்ற சோதனை நிலையம். அங்கே இருந்தவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்து, நாங்கள் பார்த்த அதே தகட்டின் எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். இனி ஆர்சி புத்தகத்தில் ‘காஸ்’ என்று பதிவு ஏறும். காஸ் கார்களை நிலத்தடிப் பார்க்கிங்குகள் பலவற்றில் அனுமதிப்பதில்லை. காற்றைவிடக் கனமான வாயு கசிந்தால் அங்கேயே தேங்கும்.

முதல் நிரப்பல் ஊர் எல்லையில். டாங்கின் வாயை பெட்ரோல் மூடிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பம்பரில் வைத்தால் கல்லடி படும். பங்குப் பையன் ஒரு பித்தளை அடாப்டரைத் திருகி, குழாயை மாட்டி, பம்பின் பொத்தானை அழுத்திப் பிடித்தான். ஜெர்மனியில் வேறு மாதிரி வாய், இங்கிலாந்தில் வேறு மாதிரி. ஊர் ஊராகப் போகிறவன் அடாப்டர் பையோடு போகவேண்டும். போலந்துக்கு வந்த காஸில் பெரும் பங்கு ரஷ்யாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பர் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வர, இப்போது ஸ்வீடன், நார்வே, அமெரிக்கா என்று கப்பலில் வருகிறது. மீட்டர் 72ஐ நெருங்கியதும் டக்கென்று நின்றது. 90இல் 80 சதவீதம். மிதவை தன் வேலையைச் செய்திருந்தது.

அங்கிருந்து பியாவோவியேஜா காட்டுக்குப் போனோம். இங்கே இருந்த ஐரோப்பியக் காட்டெருமைகள் 1919இல் வேட்டையில் அழிந்து, காப்பகங்களில் வளர்த்தவற்றை 1952இல் மறுபடி காட்டுக்குள் விட்ட இடம். வண்டியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே நடக்கவேண்டும். எருமையைப் பார்த்தோம், தூரத்தில், பின்புறத்தை மட்டும்.

லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் காஸில் சக்தி குறைவு. பதினேழு குடித்த வண்டி இப்போது இருபது குடிக்கிறது. அப்படியும் செலவு கணிசமாகக் குறைந்துவிட்டது என்று நண்பனுக்குப் பரம சந்தோஷம். கூரைமேல் கட்டிய ஸ்பேர் டயர்தான் வண்டி தொண்ணூறைத் தாண்டினால் விசிலடிக்கிறது. பின்கதவில் அதற்கு ஒரு ஸ்டாண்ட் செய்து தர முடியுமா என்று திரும்பும் வழியில் அதே பட்டறையில் கேட்டான். மெக்கானிக் சொன்ன விலையில் பத்து டாங்க் காஸ் பிடிக்கலாம். “விசிலே இருந்துட்டுப் போகட்டும் மச்சான்” என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.