கார்சிங் நகரின் இருண்ட அறைகள்

ஜேர்மனியின் மூனிச் மாநகர் நடுவில் நிலக்கீழ்ப் புகையிரதமேறி வடக்கு நோக்கிச் சென்றோம். சிறிது நேரத்தில் வண்டி மண்ணுக்கு மேலே வந்து, பின் மீண்டும் நிலத்துட் புகுந்து, கார்சிங் ஆராய்ச்சி நிலையமென்னும் கடைசித் தரிப்பிடத்தில் எம்மை இறக்கிற்று. இப்பாதை 2006ஆம் ஆண்டிலேதான் இங்குவரை நீண்டது.

இசார் நதியருகே உழவர் வாழ்ந்த சிற்றூர் இது. 1957இல் முட்டை வடிவக் கூரையின்கீழ் ஓர் ஆராய்ச்சி அணுவுலை இங்கு இயங்கத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டதாயினும், அம்முட்டை இன்றும் நகரின் இலச்சினையில் வீற்றிருக்கிறது. கோயிலையோ சிங்கத்தையோ பொறிக்கும் ஊர்களைக் கண்ட எமக்கு இது புதுமையாயிருந்தது!

நாம் காண விரும்பியது 1981இல் நிறுவப்பெற்ற மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிலையத்தை. ஒளியை ஆராயும் அறைகளுக்குச் சாளரமே இல்லை. காற்றழுத்தத்தில் மிதக்கும் கனத்த மேசைகள்மீது நூற்றுக்கணக்கான சிறு ஆடிகளும் வில்லைகளும் நிற்கின்றன. தரையின் சிற்றதிர்வும் அவற்றை எட்டலாகாது. வலிய லேசர்த் துடிப்பை நியோன் போன்ற வாயுவிற் பாய்ச்ச, அணுவிலிருந்து பிடுங்கப்பட்ட இலத்திரன் திரும்பி மோதும்போது ஊதாக் கடந்த ஒளி பிறக்கிறது. காற்று அதனை விழுங்கிவிடுமாதலால் யாவும் வெற்றிடக் கலத்துள்ளேயே நிகழவேண்டும்.

ஹங்கேரியிற் பிறந்த பெரென்ஸ் கிரௌஸ் 2001இல் வியன்னாவில் 650 அற்றோசெக்கன் நீளமான தனித் துடிப்பைப் பெற்றார். ஒரு செக்கனில் அற்றோசெக்கன்கள் கோடி கோடியிலும் பதினாயிரம் மடங்காம். அதாவது ஒன்றையடுத்துப் பதினெட்டுச் சுழியங்கள். 2003இல் கார்சிங்குக்கு வந்த அவருக்கு 2023இல் நோபெற் பரிசு கிடைத்தது.

எமக்கு அறைகளைக் காட்டியவர் பிறநாட்டிலிருந்து வந்த இளங்கலாநிதி ஒருவர். கலாநிதிப் பட்டத்தின்பின் ஆராய்ச்சிப் பதவியில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார். கருவியை நிரைப்படுத்தவே எட்டு மாதம் சென்றதாம். எஞ்சிய காலத்தில் அளவெடுத்துக் கட்டுரை எழுதி, அடுத்த பதவியும் தேடவேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம், பட்டத்தின்பின் இத்தகைய தவணைப் பதவிகளுக்குப் பொதுவாக ஆறாண்டு எல்லை வகுத்தது; பிள்ளை வளர்ப்போர்க்குச் சலுகையுண்டு. அவருடைய மகள் அடுத்த ஆண்டு பள்ளி செல்வாள். எந்த நாட்டில், எந்த மொழியில் என்பது தெரியாது என்றார். அற்றோசெக்கனை அளப்பவர் மாதங்களை விரல்விட்டு எண்ணுவதைக் கேட்டு நாம் சற்றுப் பேசாதிருந்தோம்.

இங்கு வர விரும்பும் மாணவர் விளம்பரத்துக்காகக் காத்திராமல், தாம் விரும்பும் ஆய்வுக்குழுத் தலைவருக்குத் தம் கட்டுரைகளைக் குறிப்பிட்டு நேரே எழுதலாமென்பது அவர் கூறிய யோசனை. ஹும்போல்ட் அறநிலையத்தின் உதவிப்பணத்துக்கு எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால், வீட்டாரோடு ஆற அமரப் பேசியபின் எழுதுங்கள் என்றும் சொன்னார்.

விடைபெற்றபோது அவர் மீண்டும் காப்புக்கண்ணாடி அணிந்து, ஓர் ஆடியின் திருகை மயிரிழையளவு திருப்பிக்கொண்டிருந்தார்.