பங்குனி ஆமைக்குக் காவல்

மாசி மாசம் அடையாறுல இருக்கிற மக வீட்டுக்குப் போனப்ப, பேரன் என்னை ஆமை பார்க்கக் கூட்டிட்டுப் போனான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல நீலாங்கரையில ஆரம்பிச்சு பெசன்ட் நகர் வரைக்கும் மணல்ல நடக்கணும். சுமார் ஏழு கிலோமீட்டர். வரப்புல நடந்து பழகின என் காலே கெஞ்சிருச்சுங்க.

1988லிருந்து மாணவர்கள் இந்த வேலையைப் பண்றாங்க. சம்பளம் கிடையாது. கென்யாவுல ஓல் பெஜெட்டாங்கிற இடத்துல, உலகத்துலயே மிச்சமிருக்கிற ரெண்டே ரெண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்துக்குத் துப்பாக்கியோட காவல் இருக்காம். பேரன் சொன்னான். இங்க ஒரு டார்ச்சும் குச்சியும்தான்.

ஆமை ஏறி வந்த தடத்தைப் பார்த்து, குச்சியால மெதுவா குத்திப் பார்த்து, குழியைக் கண்டுபிடிக்கிறாங்க. அன்னைக்குக் கிடைச்சது ஒரே குழி, 112 முட்டை. அப்படியே விட்டா நாய் தின்னுடும்னு எடுத்துட்டுப் போய், வேலி போட்ட இடத்துல அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைக்கிறாங்க. நம்ம நாத்து பிடுங்கி நடுறதுதான்! நாப்பத்தஞ்சு, அம்பது நாள்ல குஞ்சு வருது. மணல் சூடு கூடினா பெண்ணு, குறைஞ்சா ஆணாம். பொரிஞ்ச குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம் ஓடும். முன்னாடி அது கடல், இப்ப தெருவிளக்கு. அதனால கையோட கொண்டுபோய் அலை ஓரத்துல விடுறாங்க.

2025 ஜனவரியில சென்னைக் கடலோரம் நூத்துக்கணக்குல ஆமை செத்து ஒதுங்குச்சு. ஆமை மூச்சு விட மேல வரணும். இழுவலையில மாட்டினா வர முடியாது. ஆமை வெளியேற வலையிலேயே வழி வைக்கிற கருவி இருக்கு. ஆனா அந்த வழியா மீனும் இறாலும் போயிடும்னு மீனவங்க சொல்றாங்க. எனக்கு அவங்களைத் திட்ட மனசு வரல. காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில அரை ஏக்கர் நிலக்கடலையைக் கிளறிட்டுப் போச்சு, கை வைக்க முடியுமா? அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். நஷ்டத்துல பங்கு கேட்டு யாரும் வர்றதில்ல. இறால் வாங்கித் திங்கிற நீங்க கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் குடுப்பீங்களா?

போறவங்க தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க. செல்போன் லைட் மட்டும் அடிக்காதீங்க. வெளிச்சம் பட்டா முட்டை போட வந்த ஆமை அப்படியே திரும்பிடும்.